"வேண்டாம்" என்று பிள்ளை சொல்லும்போது: ஆசையையும் அன்பையும் பிரித்துப் பார்க்க

கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் 35 வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். எங்கள் அன்பியக் கூட்டம் (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது) முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் யாராவது ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொள்வாள். "அக்கா, இவ்வளவு செய்யறேன், என் பாசம் ஏன் இந்தப் பிள்ளைக்குப் புரியவே மாட்டேங்குது?" முன்பெல்லாம் நானும் அவளோடு சேர்ந்து கண்ணீர் விடுவேன். இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். "சமீபத்துல அவன் எதையாவது வேண்டாம்னு சொன்னானா?"

பெரும்பாலும் சொல்லியிருப்பான்.

நம் மனசில் இருப்பது அன்பா, அன்பின் சேலையைக் கட்டிக்கொண்ட ஆசையா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழிகளை இங்கே எழுதுகிறேன். எல்லாம் நான் தடுக்கி விழுந்து கற்றவை. அதனால் முதலில் நான் விழுந்த கதை.

எனக்கு இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது முறை ஐந்தாம் மாதத்தில், கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை திருத்தலத்தில் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டேன்: ஆண்பிள்ளை பிறந்தால் சாமியாராக, அதாவது கோயில் குருவாக, ஆக்கிவிடுகிறேன். 1991-ல் மகன் பிறந்தான். பன்னிரண்டாவது முடித்ததும், சாமியாராகப் படிக்கிற குருமடத்துக்கு அனுப்பினேன். அன்றைக்கே ஒரு வேலையும் செய்தேன். நாலரை மீட்டர் வெள்ளைத் துணி வாங்கி டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்தேன். அவனுடைய அங்கியை நான்தான் தைக்க வேண்டும், காஜா கூடக் கையால்தான் எடுக்க வேண்டும் என்று ஆசை. மாதத்துக்கு ஒரு முறை எடுத்துத் தடவிப் பார்த்து, அந்துருண்டை மாற்றி வைப்பேன்.

2012-ல் ஒரு சாயங்காலம் பையோடு வந்து நின்றான். "அம்மா, எனக்கு இது இல்லம்மா" என்றான். கடவுளுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கச் சொல்கிறாயா என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. "நேர்ந்துக்கிட்டது நீ. அங்கி போடப்போறது நான்" என்றான்.

எட்டு மாதம் அவன் முகத்தைப் பார்த்து நான் பேசவில்லை. களி கிண்டினேன், கொள்ளுக் குழம்பு வைத்தேன், தட்டைத் தள்ளிவிட்டுத் தறிகெட்ட கோபத்தோடு மெஷினில் உட்கார்ந்துகொண்டேன். ஊரே என்னைப் பாவம் என்று சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த தவக்காலத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என் குறையைச் சொல்லாமல் மகன் குறையைத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஃபாதர் ஒன்றே ஒன்று கேட்டார். "அவன் வேண்டாம்னு சொன்னப்ப உங்களுக்கு வந்தது வருத்தமா, கோபமாம்மா?" வருத்தம்தான் ஃபாதர் என்றேன். டவுன் பஸ்ஸில் வீடு திரும்பும் வழியில்தான் அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலேயே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்களும் இங்கிருந்தே தொடங்குங்கள். ஒரு தாளை எடுத்து, நீங்கள் நேசிக்கும் ஒருவரின் பெயரை மேலே எழுதுங்கள். கணவன், மகள், தம்பி, மருமகள், காதலிக்கும் பெண், யாராக இருந்தாலும் சரி. கடைசியாக அவர் உங்களிடம் "வேண்டாம்", "முடியாது", "இப்ப இல்ல" என்று சொன்ன மூன்று முறைகளை எழுதுங்கள். அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்களா? சாப்பாட்டை மறுத்தீர்களா? அவருக்காகச் செய்ததை எல்லாம் வரிசையாக எண்ணிச் சொன்னீர்களா? அவருடைய பழைய தப்பு ஒன்றைத் தோண்டி எடுத்தீர்களா? வருத்தம் வருவது தப்பில்லை. நேசிக்கிறவருக்கு வருத்தம் வரத்தான் செய்யும். ஆனால் வருத்தம் நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும். கோபம் அடுத்தவர் வாசலுக்கு வசூலுக்குப் போகும். எது போனது என்று பாருங்கள்.

விவிலியத்தில் இதற்கு இரண்டு ஆட்களை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒருவன் தாவீதின் மகன் அம்னோன். சாமுவேல் இரண்டாம் நூல், 13-ஆம் அதிகாரம். தந்தைவழித் தங்கை தாமார்மேல் கொண்ட காதலால் அவன் நோயாளியாகவே ஆகிவிட்டான், நாளுக்கு நாள் மெலிந்தான் என்று எழுதியிருக்கிறது. பார்க்கிறவர் யாரும் இது எவ்வளவு பெரிய அன்பு என்றுதான் சொல்வார்கள். தாமார் வேண்டாம் என்றாள், காரணமும் சொல்லிக் கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. பலவந்தம் செய்தான். அடுத்த நொடி என்ன ஆனது தெரியுமா? முன்பு இருந்த காதலைவிடப் பெரிய வெறுப்பு அவள்மேல் வந்தது. வேலைக்காரனைக் கூப்பிட்டு அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொன்னான். இத்தனை நாள் அவன் நேசித்தது தாமாரை இல்லை. தன் பசியை.

இன்னொருவர் இயேசு. மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் ஒரு பணக்காரர் ஓடிவந்து முழந்தாளிடுகிறார். இந்தச் சம்பவம் மத்தேயுவிலும் லூக்காவிலும் உண்டு, ஆனால் இயேசு அவரைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்ற வார்த்தை மாற்கில் மட்டும்தான் இருக்கிறது. உமக்கு உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வாரும் என்கிறார். அந்த மனுஷர் முகவாட்டத்தோடு போய்விடுகிறார். இயேசு பின்னால் ஓடவில்லை. சபிக்கவில்லை. உனக்காக நான் எவ்வளவு என்று ஆரம்பிக்கவில்லை. அவரைப் போக விட்டார். எட்டு மாதம் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்த நான், அந்தப் "போக விட்டார்" என்ற இடத்தில் பல இரவு நின்றிருக்கிறேன்.

சில பையன்கள் ஒரு பெண் மறுத்ததும் அவள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறுகிறார்கள், போன் போட்டு மிரட்டுகிறார்கள், இதற்குக் காதல் என்று பெயர். மகள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள் என்றதும் அவள் செத்துவிட்டாள் என்று தலைமுழுகும் அப்பாக்களும் இருக்கிறார்கள், ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்குகிறவர்களிலேயே இருக்கிறார்கள். இதற்குப் பாசம் என்று பெயர். இரண்டும் அம்னோன் வீட்டுப் பிள்ளைகள்தான்.

அடுத்தது, பேச்சை மாற்றுவது. இது சின்ன வேலை போலத் தெரியும், ஆனால் நாக்கு வளையாது. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று வாய் வரைக்கும் வரும்போது நிறுத்தி, "எனக்கு ஆசையா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "நீ நர்சிங் படிக்கிறது உனக்கு நல்லது" என்பதை "நீ நர்சிங் படிச்சா எனக்குப் பெருமையா இருக்கும்" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியத்துக்கு மகளால் பதில் சொல்ல முடியாது, சொன்னால் தன் நன்மைக்கே எதிரி ஆகிவிடுவாள். இரண்டாவதற்கு அவளால் "தெரியுதும்மா, ஆனா எனக்கு வேற விருப்பம்" என்று சொல்ல முடியும். அந்த இடத்தை அவளுக்குக் கொடுப்பதுதான் விஷயம்.

ஆசையே பாவம் என்று நான் சொல்லவில்லை. கடைசி இராவுணவில் இயேசுவே, இந்தப் பாஸ்காவை உங்களோடு உண்ண மிகவும் ஆவலாக இருந்தேன் என்று சீடர்களிடம் சொல்கிறார். பிடிபடுவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில், துன்பம் என்ற இந்தக் கிண்ணம் வேண்டாம் என்ற தன் விருப்பத்தையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு, உம் விருப்பப்படியே ஆகட்டும் என்கிறார். ஆசையை ஆசை என்று சொல்லிவிட்டால் அது பிள்ளை மாதிரி மடியில் உட்கார்ந்துகொள்ளும். அன்பு என்று பொய்ப் பெயர் வைத்தால்தான் வீட்டுக்கு எஜமான் ஆகிவிடும். கிளைர்வோ புனித பெர்நார்து 12-ஆம் நூற்றாண்டில் அன்புக்கு நான்கு படி சொல்லியிருக்கிறார். முதல் படி, தன்னைத் தனக்காகவே நேசிப்பது. அங்கே நிற்கிறோமே என்று வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் ஏறத் தொடங்குவது அங்கிருந்துதான்.

மூன்றாவதாக நான் சொல்வது கொஞ்சம் கடினம். நீங்கள் அவருக்காக விரும்பும் நல்லதை மனசில் படம் போலப் பாருங்கள். மகன் கலெக்டர் ஆகிறான், கணவர் குடியை விடுகிறார், மகளுக்குக் கல்யாணம். சரி. இப்போது அந்தப் படத்திலிருந்து உங்களை எடுத்துவிடுங்கள். அந்த நல்லது நடக்கிறது, ஆனால் உங்களால் என்று ஒருவருக்கும் தெரியாது, உங்கள் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. இன்னமும் அதை விரும்புகிறீர்களா?

நான் என் படத்தைப் பார்த்தேன். குருப்பட்டத் திருப்பலி. முதல் வரிசையில் நான், பட்டுச் சேலையில். புதுச் சாமியார் இறங்கி வந்து முதல் ஆசீர் எனக்குத் தருகிறார். ஊர் பெண்கள் "சாமியாரோட அம்மா" என்று வழி விடுகிறார்கள். என்னை அந்தப் படத்திலிருந்து எடுத்ததும் பீடத்தில் நின்றவனுடைய முகம் கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு உடைந்து அழுதேன்.

செபதேயுவின் மனைவியை அதற்குப் பிறகுதான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தன் இரண்டு மகன்களில் ஒருவனை வலப்புறமும் இன்னொருவனை இடப்புறமும் உட்கார வைக்க வேண்டும் என்று இயேசுவிடம் போய்க் கேட்டவள். மத்தேயு 20-ஆம் அதிகாரம். நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றார் அவர். அதே மத்தேயு, 27-ஆம் அதிகாரத்தில், சிலுவைக்குத் தூரத்தில் நின்ற பெண்களில் அவளையும் பெயர் சொல்லாமல் "செபதேயுவின் மக்களுடைய தாய்" என்று குறிப்பிடுகிறார். அவள் அங்கே எதைப் பார்த்தாள்? இயேசுவின் வலப்புறம் ஒரு கள்வன், இடப்புறம் ஒரு கள்வன். தான் கேட்ட இடம் எது என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் போய்விடவில்லை, நின்றாள். பதவி கேட்ட தாயும், எதுவும் கிடைக்காத இடத்தில் நின்ற தாயும் ஒருத்திதான். அவளால் மாற முடிந்தது என்றால் நம்மாலும் முடியும் என்று அன்பியத்தில் நான் சொல்வதுண்டு.

ஒளித்துச் செய்வது ஒரு நல்ல பழக்கம். வாரத்துக்கு ஒரு காரியம், அவருக்கு நல்லது, ஆனால் நீங்கள் செய்ததாக அவருக்குத் தெரியவே கூடாது. அவர் சட்டையில் தொங்கும் பொத்தானைத் தைத்து வையுங்கள், வண்டிக்குக் காற்று பிடித்து வையுங்கள், அவரைப் பற்றி ஒருவர் தப்பாகப் பேசும்போது திருத்துங்கள். பிறகு சொல்லிக் காட்டாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முதல் வாரம் எனக்கு நெஞ்சே வெடிப்பது போல் இருந்தது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். அன்னா என்ற தாய் சாமுவேலை ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டாள். என்னைப் போலவே நேர்ந்துகொண்டவள். வருஷத்துக்கு ஒரு முறை பலி செலுத்த வரும்போது அவனுக்கு ஒரு சிறிய மேலாடை தைத்துக் கொண்டுவருவாள் என்று சாமுவேல் முதல் நூல் 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிரசங்கங்களில் அந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். ஒரு தையல்காரியால் தாண்ட முடியாது. போன வருஷ அளவில் தைத்தால் இந்த வருஷம் தோள் பிடிக்கும். நம் ஆசைக்குப் பெரிதாகத் தைத்தால் தடுக்கி விழுவான். வருஷா வருஷம் அவள் தன் மகனைப் புதிதாக அளந்திருக்க வேண்டும். நானோ பதினெட்டு வயதில் வாங்கிய துணியை எடுத்து எடுத்துத் தடவிக்கொண்டிருந்தேனே தவிர, என் மகனை ஒரு முறை கூட அளக்கவில்லை. அவனுக்குக் கணக்குப் பிடிக்கும், இரவில் தூக்கம் வரவில்லை, மூன்று வருஷமாகச் சொல்ல வழி தெரியாமல் தவித்தான். இதெல்லாம் எட்டு மாதம் கழித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதனால் உங்கள் வீட்டு ஆளை வருஷத்துக்கு ஒரு முறையாவது புதிதாக அளந்து பாருங்கள். பிறந்தநாளில் செய்யலாம். பரிசு கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து கேளுங்கள்: இப்ப உனக்கு எது பிடிக்குது, எதுக்குப் பயப்படுற, நான் எதை நிறுத்தினா உனக்கு நிம்மதியா இருக்கும்? பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். ஜாக்கெட் அளவு எடுக்கும்போது டேப்பை இழுத்துப் பிடித்தால் அளவு பொய்யாகிவிடும். கேட்பதும் அப்படித்தான்.

அவசரப்படவும் வேண்டாம். எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, முக்கால்வாசி பெங்களூரா. சிலர் விலைக்காக முற்றாத காயைப் பறித்து, சட்டம் தடை செய்த கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பார்கள். தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே புளிக்கும். அழுகையாலும் மிரட்டலாலும் வாங்கிய "சரி"யும் கல் வைத்த பழம்தான். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, அன்பு பொறுமையுள்ளது என்றுதான் முதலில் ஆரம்பிக்கிறார். தன்னலம் நாடாது என்பது அதற்குப் பிறகு வருகிறது.

ஜெபத்தையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். யாக்கோபு தன் திருமுகத்தில், நீங்கள் கேட்டும் கிடைக்காததற்குக் காரணம் உங்கள் சிற்றின்பத்துக்காகவே கேட்பதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். "ஆண்டவரே, அவன் மனசை மாத்தும்" என்பது என் பழைய ஜெபம். அதை இரண்டாகப் பிரித்தேன். "என் ஆசை இது. அவனுக்கு எது நல்லதோ அது நடக்கட்டும், அது எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும்." கடைசி நாலு சொல்லைச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஜெபமாலை கையில் இருக்கும், வாய் திறக்காது.

ஒரு எச்சரிக்கை. தன்னலமில்லாத அன்பு என்றதும் அடி வாங்கிக்கொண்டு இருப்பதுதான் என்று நம் பெண்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. குடிக்கக் காசு கேட்டு அடிக்கிறவருக்குக் காசு கொடுப்பது அன்பு இல்லை, அது அவருடைய ஆசைக்கு நாம் போடும் தீனி. தலைமைக் குருவின் முன்னால் காவலன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு, ஏன் என்னை அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18-ஆம் அதிகாரம். கேட்கலாம். வீட்டை விட்டு அம்மா வீட்டுக்குப் போகலாம், 181-க்குப் போன் செய்து உதவி கேட்கலாம். அடுத்தவருடைய நன்மையை விரும்புவதுதான் அன்பு. தன் மனைவியை அடிக்கிற மனுஷனாகவே ஒருவர் இருந்துவிடுவது அவருக்கு எந்த வகையிலும் நன்மை இல்லை.

நேர்ச்சையை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: எனக்கும் அந்தப் பயம் பெரிதாக இருந்தது, கடவுள் அவனைத் தண்டிப்பாரோ என்று. இரண்டாம் முறை போனபோது ஃபாதர் விளக்கினார். 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தின்படி நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். என் நேர்ச்சை என் மகனைக் கட்டவே கட்டாது. குருப்பட்டம் பெறுகிறவருக்கு முழுச் சுதந்திரம் இருக்க வேண்டும், யாரையும் எந்த வகையிலும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. கல்யாணத்திலும் அப்படித்தான், பயமுறுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. நேர்ச்சையை வேறு நற்செயலாக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு, உங்கள் பங்குச் சாமியாரிடம் போய்க் கேளுங்கள். நான் வருஷா வருஷம் புதுநன்மை, அதாவது முதல் முறை நற்கருணை, வாங்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு உடை தைத்துக் கொடுப்பதாக மாற்றிக்கொண்டேன். அந்த நாலரை மீட்டரை வெட்டியதில் இரண்டு கவுனும் ஒரு சட்டையும் வந்தன. கத்திரி வைக்கும்போது கை நடுங்கியது.

கடைசியாக, மன்னிப்பு. நீட்டாதீர்கள். "எல்லாம் உன்மேல இருந்த பாசத்தால" என்று வாலைச் சேர்க்காதீர்கள், அது மறுபடியும் கடன் கேட்பது. நான் மகனிடம் சொன்னது இவ்வளவுதான். "எட்டு மாசம் உன்னைத் தண்டிச்சேன். நீ எந்தத் தப்பும் செய்யல. எனக்குப் பேர் வேணும்னு இருந்தது." அவன் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அவன் என்னிடம் தன் விஷயத்தைத் தானாகச் சொல்ல இன்னும் ஒரு வருஷம் ஆனது.

இப்போது அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். அவன் மகளுக்குப் புதுநன்மை. போன சனிக்கிழமை அளவு எடுக்க உட்கார வைத்தேன். மூன்று அடுக்கு ஃப்ரில் வைத்து, கையில் லேஸ் வைத்து ஒரு கவுன், மனசில் எப்போதோ தைத்து முடித்துவிட்டேன். "பாட்டி, ஃப்ரில் வேண்டாம். குத்தும். சாதா சுடிதார் தச்சுக் கொடுங்க" என்றது. வயிற்றில் பழைய சூடு எழும்பியது எனக்கு நன்றாகவே தெரிந்தது. "பாட்டிக்கு ஃப்ரில் வைக்க ஆசைதான்" என்றேன். "தெரியும் பாட்டி" என்றது. டேப்பைத் திரும்ப எடுத்து, தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் சுடிதாருக்கு அளந்தேன். போன வருஷத்தைவிட இரண்டு இஞ்ச் வளர்ந்திருக்கிறாள்.